மைக்ரோஸ்கோப்பை நம்பி ஆராய்ச்சிக்கு வரலாமா?

வரலாம். ஆனால் பேராசிரியர் பதவியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்த வாசல் எல்லாத் துறையிலும் குறுகல். இமேஜிங்கில், அதாவது மைக்ரோஸ்கோப்பில் படம் எடுத்து அலசும் துறையில், சுவாரசியமான வேலை பெரும்பாலும் நடப்பது கோர் ஃபெசிலிட்டி என்கிற பொதுக் கருவிக்கூடத்தில், அங்கே இருப்பவர்களை 'மிஷின் ஆபரேட்டர்' என்று நினைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

உதாரணத்துக்கு, ஒரு மாணவர் மங்கலான படத்தோடு வருகிறார், இன்னும் விலை உயர்ந்த கருவி வேண்டும் என்கிறார். பார்த்தால் தப்பு கவர்ஸ்லிப்பில், மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடியில், இருக்கும். பெரும்பாலான உயர்தர லென்ஸ்கள் 0.17 மில்லிமீட்டர் தடிமனுக்கே வடிவமைக்கப்பட்டவை, அதைவிட மெல்லியதைப் போட்டாலே படம் கெட ஆரம்பித்துவிடும். இல்லையென்றால் மாதிரியை மூழ்கவைத்த திரவத்தின் ஒளிவிலகல் எண் லென்ஸுக்குப் பொருந்தாமல் இருக்கும், அல்லது லேசரைக் கூட்டிக் கூட்டி உயிருள்ள செல்லையே வாட்டியிருப்பார்கள். இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒளியியலும் தெரிய வேண்டும், உயிரியலும் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு, அதனால்தான் இந்த வேலைக்கு மதிப்பு.

அமெரிக்க இயற்பியலாளர் எரிக் பெட்சிக் கதையை எல்லோரும் சொல்வார்கள். 1990களில் ஆராய்ச்சியே வேண்டாமென்று அப்பாவின் இயந்திரக் கம்பெனிக்குப் போனவர், திரும்பி வந்து நண்பர் ஹரால்ட் ஹெஸ் வீட்டு ஹாலில் ஒரு மைக்ரோஸ்கோப்பைக் கட்டினார். அதன் முடிவுகள் 2006இல் வெளியாயின. ஒளி மைக்ரோஸ்கோப்பால் சுமார் 200 நானோமீட்டருக்கும் நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது என்று 1873இல் எர்ன்ஸ்ட் அபே வகுத்த எல்லையைத் தாண்டியதற்காக 2014இல் ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகியோரோடு நோபல் பரிசும் வாங்கினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் பல வருடம் இதே பிரச்சினையோடு மல்லுக்கட்டியவர் அவர் என்பதை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள்.

இப்போது ஆள் பற்றாக்குறை அதிகம் தெரிவது படம் எடுப்பதில் அல்ல, எடுத்ததை அலசுவதில். மெல்லிய தகடு போல ஒளியைப் பாய்ச்சிப் படமெடுக்கும் லைட்ஷீட் கருவி ஒன்று ஒரே சோதனையில் டெராபைட் கணக்கில் தரவைக் கொட்டிவிடும், அப்புறம் அதை எங்கே வைப்பது, செல்களை யார் எண்ணுவது? படங்களை அலசும் ஃபிஜி மென்பொருளும் கொஞ்சம் பைத்தான் நிரல்மொழியும் தெரிந்தவர், படத்தில் செல்களைத் தானாகப் பிரித்துக் காட்டும் செல்போஸ் மாதிரியான மென்பொருள் எங்கே தவறும் என்று சொல்லத் தெரிந்தவர், எந்த ஆய்வகத்திலும் தேவைப்படுவார். மாதிரியை உறையவைத்து எலக்ட்ரான்களால் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் பக்கம் போனாலும், 2017இல் அதற்கு நோபல் கிடைத்த பிறகு எல்லோரும் போகிற பக்கம் அது, கணினி வேலைதான் பாதி. கருவி தயாரிக்கும் கம்பெனிகளில் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட் வேலையும், அதாவது வாடிக்கையாளர்களுக்குக் கருவியைக் காட்டிக் கற்றுக்கொடுக்கிற வேலையும், உண்டு. நிறைய அலைச்சல், ஆனால் புதுக் கருவிகள் முதலில் கைக்கு வரும்.

கோர் ஃபெசிலிட்டி வேலைக்கு இன்டர்வியூ போனால் சம்பளத்தோடு மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: சொந்த ஆராய்ச்சிக்கு வாரத்தில் நேரம் உண்டா, நாம் வடிவமைத்த சோதனை கட்டுரையாகும்போது ஆசிரியர் பட்டியலில் பெயர் வருமா அல்லது கடைசியில் நன்றியோடு முடிந்துவிடுமா, கருவிகளின் சர்வீஸ் ஒப்பந்தத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால், அங்கே பாதி நாள் ரிப்பேரிலேயே போகும்.