மாரியில் படுவான்கரைக் காட்டுப்பாதை

கார்த்திகை, மார்கழியில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் உன்னிச்சை, புல்லுமலைப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் முதலில் குளத்தின் வான்கதவு (மிகைநீரை வெளியே விடும் கதவு) திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். மழை விட்டபிறகும் குளத்துத் தண்ணீர் பாதையை மூடும்.

கிரவல் ரோட்டு பரவாயில்லை. களிமண்தான் வில்லங்கம்: சில்லுக்கு மேலுள்ள மட்காட்டுக்குள் அப்பி சில்லையே இறுக்கிவிடும். ஒரு தடி கையில் இருக்கட்டும், சுரண்டலாம். டயர்க் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் பிடிமானம் கூடும். அதிகம் இறக்கினால் டியூப் நழுவி வால்வு பிய்ந்துபோகும்.

பாதையிலுள்ள மதகுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் முதலில் தடியால் ஆழம் பாருங்கள். முழங்காலுக்கு மேலே இழுவை இருந்தால் திரும்புவதே புத்தி. தண்ணீருக்குள் எஞ்சின் நின்றால் உதைக்கவே வேண்டாம். தள்ளி மேட்டுக்கு ஏற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு நாலைந்து தரம் உதையுங்கள். உள்ளே போன தண்ணீர் பீறிடும்.

பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு யானை.