கீழாநெல்லி, மஞ்சள், பாராசிட்டமால்: மூலிகையை எப்போது கொடுத்தார்கள்?

பாராசிட்டமால் அளவுக்கு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும் என்பது பலருக்கும் தெரியும். அந்தக் கேட்டைத் தடுக்கும் பொருள் கீழாநெல்லியில் இருக்கிறது, மஞ்சளில் இருக்கிறது, நிலவேம்பில் இருக்கிறது என்று அவ்வப்போது வரும் ஆய்வுச் செய்திகளையும் நம்மில் பலர் படித்திருப்போம். மருந்தியல் கற்பிக்கும் எனக்கு அவை மகிழ்ச்சியையும் கவலையையும் சேர்த்தே தருகின்றன. நம் தாவரங்களைப் பொறுமையாக ஆராய்பவர்கள் இருக்கிறார்கள் என்பது மகிழ்ச்சி. அந்தச் சோதனைகளில் மூலிகையை எந்த நேரத்தில் கொடுத்தார்கள் என்பதைச் செய்திகள் சொல்லாமல் விட்டுவிடுவது கவலை.

நாம் விழுங்கும் பாராசிட்டமாலில் பெரும்பங்கைக் கல்லீரல் குளுகுரோனிக் அமிலத்தோடும் சல்பேட்டோடும் இணைத்துச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடுகிறது. சிறு பங்கு மட்டும் சைட்டோகுரோம் நொதிகளால், முக்கியமாக 2இ1 என்ற நொதியால், நாப்கி எனப்படும் நச்சுப்பொருளாக மாறுகிறது. கல்லீரல் செல்களில் உள்ள குளுட்டாதயோன் அதை உடனுக்குடன் பிணைத்துச் செயலிழக்கச் செய்கிறது. அளவு மீறும்போது நாப்கி பெருகி, குளுட்டாதயோன் இருப்பு கரைந்து, எஞ்சிய நச்சு மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. ஆற்றல் உற்பத்தி குலைந்து செல்கள் மடிகின்றன. 1973இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் இந்த வழியைத் தெளிவுபடுத்தினார்கள். குளுட்டாதயோனை மீண்டும் உருவாக்க உதவும் அசிட்டைல்சிஸ்டீன், இந்த நச்சை முறிக்கும் மருந்தாக ஆனது அதன் தொடர்ச்சிதான். எடின்பரோவில் லாரி பிரெஸ்காட் குழுவினர் அதை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்திக் கண்ட பயனை 1977இல் வெளியிட்டார்கள். மாத்திரை விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கடுமையான கல்லீரல் சேதத்தை ஏறத்தாழ முழுமையாகவே தடுக்கும் மருந்து அது.

இனி மூலிகை ஆய்வுகளுக்கு வருகிறேன். இவற்றில் மிகப் பல, விலங்குக்குச் சில நாட்கள் மூலிகைச் சாற்றைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே பாராசிட்டமாலைக் கொடுக்கின்றன. முன்கூட்டியே கொடுத்த பொருள் 2இ1 நொதியை அடக்கினாலே போதும், நாப்கி குறைவாக உருவாகும், கல்லீரலும் பிழைக்கும். மஞ்சளின் குர்குமின், நிலவேம்பின் ஆண்ட்ரோகிராபோலைடு, பிராக்கோலியிலிருந்து கிடைக்கும் சல்ஃபோராஃபேன் போன்றவை செல்லின் தற்காப்பு நொதிகளைக் கூடுதலாக உற்பத்தி செய்யத் தூண்டுகின்றன. அந்தத் தூண்டுதல் பலன் தர நேரம் வேண்டும். ஆனால் மருத்துவமனைக்கு வருபவர் மாத்திரையை ஏற்கெனவே விழுங்கியவர். நச்சு உருவாகி முடிந்த உடலில், அது உருவாவதைத் தடுக்கும் பொருளுக்கு அதிக வேலையில்லை. கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் ஹார்ட்மட் யேஷ்கே பல ஆண்டுகளாக இதை வலியுறுத்தி வருகிறார். சாற்றைக் கரைக்கப் பயன்படும் டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பானே 2இ1 நொதியை அடக்கக்கூடியது என்பதையும், பல ஆய்வுகளில் பயன்படும் பெரிய எலிகள் பாராசிட்டமாலின் நச்சைப் பெரிதும் தாங்குவதால் மனிதரோடு ஒப்பிடச் சுண்டெலியே ஏற்றது என்பதையும் அவர் குழுவினர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். இந்தத் துறையில் ஆய்வு செய்யவிருக்கும் மாணவர்கள் ஒரு மூலிகையைத் தொடும் முன்பே இவற்றைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

தாவரப் பொருள் கல்லீரலுக்கு மருந்தாகவே முடியாது என்பது என் கருத்தல்ல. ஐரோப்பாவில் வளரும் கொடிய நச்சுக்காளான் ஒன்றை உண்டவர்களுக்குப் பால் நெருஞ்சில் என்ற செடியிலிருந்து கிடைக்கும் சிலிபினின் என்ற பொருள் இரத்தக் குழாய் வழியாகக் கொடுக்கப்படுகிறது. அந்த நச்சு கல்லீரல் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் கடத்துப் புரதத்தைச் சிலிபினின் அடைக்கிறது. பாராசிட்டமாலோ செல்லுக்குள் நுழைய அப்படியொரு புரதத்தை நம்பியிருப்பதில்லை. ஒரு நச்சுக்குப் பொருந்தும் காரணம் இன்னொன்றுக்கும் பொருந்தும் என்று கொள்ள இயலாது.

கீழாநெல்லியின் வரலாறும் இங்கே நினைவுகூரத் தக்கது. 1988இல் சென்னையின் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்குடன் இணைந்து, ஹெபடைட்டிஸ் பி வைரஸைச் சுமந்த 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேரிடம் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்ததாக லான்செட் இதழில் எழுதினார்கள். வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற இடங்களில் நடந்த சோதனைகள் அந்த முடிவை உறுதிப்படுத்தவில்லை. மனிதரிடம் நடந்த ஆய்வுக்கே அந்த நிலை என்றால், சுண்டெலியிடம் கண்ட பலனை எவ்வளவு நிதானத்தோடு ஏற்க வேண்டும்!

மஞ்சளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சமையலில் சேர்க்கும் மஞ்சளைக் குறித்து அச்சம் வேண்டாம். ஆனால் மிளகின் பைப்பரின் சேர்த்து உறிஞ்சுதலைக் கூட்டிய குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி ஏற்பட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள்.

ஆகவே, சளி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை என்று ஒன்றுக்கு மேல் எடுப்பவர்கள் ஒவ்வொன்றிலும் பாராசிட்டமால் உள்ளதா என்று அட்டையில் பார்த்து, பெரியவர்களுக்கான ஒரு நாள் உச்ச வரம்பான 4 கிராமைத் தாண்டாமல் இருக்க வேண்டும். குடிப்பழக்கமோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கு அதுவே அதிகம். தவறியோ மனம் உடைந்தோ ஒருவர் அளவுக்கு மீறி விழுங்கிவிட்டால், வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. முதல் நாளில் அவர் நலமாகவே தோன்றலாம். கல்லீரல் சேதம் பின்னரே வெளிப்படும். மாத்திரை அட்டையோடு உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். விழுங்கிய நேரத்தைத் தவறாமல் சொல்லுங்கள். இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவை அந்த நேரத்தோடு ஒப்பிட்டே மருத்துவர் சிகிச்சையை முடிவு செய்கிறார். மனத்துயரால் நேர்ந்தது என்றால் அதையும் மறைக்க வேண்டாம். இந்தியாவில் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.