அயித்தை இல்லாத காரைக்குடி: ஆட்டோக் கொள்ளையும் வெள்ளைப் பணியாரமும்

காரைக்குடி பேருந்து நிலையத்திலிருந்து கானாடுகாத்தானுக்கு ஆட்டோ 700 ரூபாயாம். 15 கிலோமீட்டர் இருந்தால் அதிகம். "வெயிட்டிங் தனி சார்" என்று வேறு. முதுகில் பை, கையில் போன், வெளியூர் முகம். ஆளைப் பார்த்தே விலை போட்டுவிட்டார்கள்.

அயித்தை, அப்பாவின் அக்கா, இருந்திருந்தால் கதையே வேறு. அது பேரம் பேசாது. விலையைக் கேட்டதும் "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து வெற்றிலைக் காம்பைக் கிள்ள ஆரம்பிக்கும். சுண்ணாம்பு தடவி மடிப்பதற்குள் ஆட்டோக்காரர் தானாக இறங்கி வந்து நூறு குறைப்பார். "நீ போப்பா, ஒனக்கு எதுக்குச் செரமம், எங்களுக்கு பஸ்ஸு இருக்கு" என்று அடுத்த வெற்றிலையை எடுக்கும். பாதி விலைக்கு இறங்காத ஆட்டோவில் அது ஏறி நான் பார்த்ததில்லை. அந்தப் பொறுமை எனக்கு ஏது? கடுப்பில் டவுன் பஸ் ஏறினேன். சில்லறைக் காசில் வேலை முடிந்தது. நீங்களும் அதையே செய்யுங்கள்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பார்க்கலாம்.

போனது அயித்தையின் தலைத்தெவசத்துக்கு. பள்ளிக்கூட லீவு விட்டால் எங்களுக்குக் காரைக்குடிதான், வேறு ஊரே தெரியாது. சென்னையிலிருந்து இரவுப் பேருந்தில் கிளம்பினேன். டிக்கெட் 950. சாயாத சீட்டு, ஏசியிலிருந்து தோளில் சொட்டிய தண்ணீர். நடத்துநரிடம் சொன்னேன், ஒரு பழைய செய்தித்தாளை மடித்துக் கொடுத்தார். மதியம் எழும்பூரில் கிளம்பும் பல்லவன் ரயிலில் உட்கார்ந்து வந்திருந்தால் பாதிக் காசுகூட ஆகியிருக்காது. லீவு கிடைத்தால்தானே.

தெவசம் முடிந்த மறுநாள்தான் கானாடுகாத்தான். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடுகள். பர்மா, இலங்கை, மலேயா என்று தொழிலுக்குப் போன நகரத்தார் சம்பாதித்துக் கட்டியவை. பர்மா தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. சுவரில் கையை வைத்தால் இன்னமும் வழுக்குகிறது. சின்ன வயதில் நான் வாயைப் பிளந்து பார்க்கும்போது அயித்தை கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அம்புட்டையும் யாருடா கூட்டுறது?" இப்போது அதற்குப் பதில் பூட்டாகத் தொங்குகிறது. பல வீடுகளில் காவலாளியைத் தவிர ஆள் இல்லை. 2014-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறிய செட்டிநாட்டு ஊர்கள் இவை. முகப்புத் திண்ணையில் புறா எச்சம். சில வீடுகளை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். ஓர் இரவு வாடகையைக் கேட்டேன், என் வீட்டு மாத வாடகையில் பாதி. நன்றி சொல்லி வெளியே வந்தேன்.

ஆத்தங்குடி மட்டும் ஏமாற்றவே இல்லை. பட்டறையில் ஒருவர் கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, உள்ளே பூ அச்சை இறக்கி, கட்டத்துக்குக் கட்டம் சாயக் கலவையை ஊற்றினார். அச்சை அசங்காமல் தூக்கியதும் சிவப்பும் மஞ்சளும் ஒன்றோடொன்று கலக்காமல் நின்றன. மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவல், அதற்குமேல் ஈரக் கலவை, கரண்டியால் ஒரு தேய்ப்பு. அப்புறம் தண்ணீர்த் தொட்டி, வெயில். காய்ந்ததும் கண்ணாடி கழன்றுவிடும், அதன் பளபளப்பு கல்லிலேயே தங்கிவிடும். "ஆள் நடமாட நடமாடத்தான் சார் மெருகு ஏறும்" என்றார். அயித்தை வீட்டுக்கூடத்தில் இதே கல்தான். துடைத்து முடித்ததும் துணியில் ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு இன்னொரு தடவை துடைக்கும். காயும்வரை யாரும் கால் வைக்கக் கூடாது. அந்தக் கூடத்தில் அயித்தை மகன், என் மச்சான், இப்போது வழுவழு டைல்ஸ் போட்டுவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்: அநியாயம்.

மதியம் காரைக்குடியில் ஒரு மெஸ். பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்திருந்தது, சாப்பாடு உதிரவில்லை. உப்புக்கறி, தண்ணிக்குழம்பு, கோழிக்குழம்பு, ரசம், தயிர் எல்லாம் சேர்த்து 280. உப்புக்கறியில் மசாலாப் பொடியே கிடையாது. சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், உப்பு, நல்லெண்ணெய், அவ்வளவுதான். மிளகாயின் காரம் எண்ணெயில் இறங்கி, கறி தன் சாற்றிலேயே வெந்து சுருண்டிருந்தது. நெடுஞ்சாலை ஓட்டல்களில் 'செட்டிநாடு சிக்கன்' என்று சிவப்புச் சாயத்தில் முக்கிக் கொடுக்கிறார்களே, அதைச் சாப்பிட்டுவிட்டு செட்டிநாட்டுச் சமையல் ஒரே காரம் என்று சொல்பவர்களை இழுத்து வந்து இந்த இலையின் முன்னால் உட்கார வைக்க வேண்டும். ஒருமுறை அப்படி ஓர் ஓட்டலில் அயித்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "கல்பாசியும் இல்ல, மராட்டி மொக்கும் இல்ல, கோவம் மட்டும் இருக்கு" என்றது.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். ஒரு நீல எனாமல் தூக்குவாளி, விளிம்பு பெயர்ந்தது, 1,800 ரூபாய். அயித்தை வீட்டுப் பரணில் அதே மாதிரி ஒன்று இருக்கிறது, புளி போட்டு வைக்க. கடைக்காரரிடம் சொன்னேன், "கொண்டாங்க சார், நல்ல விலை போடுறேன்" என்று கண் பளபளத்தது. என்ன விலை என்று கேட்டால் 200 என்கிறார்!

கண்டாங்கிச் சேலை ஒன்று மனைவிக்கு, 1,400. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த சேலை. அரக்குக் கட்டம், கடுகு மஞ்சள் கரை. பட்ஜெட் இங்கேதான் உடைந்தது, வருத்தமில்லை. அயித்தை வெளியே கிளம்பும்போது கட்டும் சேலை அது. பஸ் நெரிசலில் அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இந்த ஊர்களையெல்லாம் பார்த்தேன். தங்கினது மச்சான் வீட்டில் என்பதால் அந்தச் செலவு மிச்சம். மொத்தம் 4,000-ஐத் தாண்டிவிட்டது. பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் நேரம் போதவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் மச்சான் வீட்டு அக்கா வெள்ளைப் பணியாரம் சுட்டார். பச்சரிசியை உழக்கில் தலை தட்டி, அதன்மேல் கோபுரமாக உளுந்து நிற்கிற அளவு. அயித்தை சொல்லிக்கொடுத்த கணக்கு. புளிக்க விடாமல், அரைத்த கையோடு துளிப் பால் விட்டு ஊற்ற வேண்டும். ஒரு கரண்டி, ஒரு பணியாரம். எண்ணெயில் தானாக எழும்பி வரணும், ஓரம் பூப்போல விரியணும், ஆனால் நிறம் மாறக் கூடாது. அக்காவின் முதல் பணியாரம் எழும்பியது, லேசாகச் சிவந்தும் விட்டது.

"ஆத்தா இருந்தா இத எலைல வைக்க விட்டிருக்காது மாப்ளே" என்றார் மச்சான்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப நீங்களே ஊத்துங்க."

மச்சான் ஊற்றியது நாலு துண்டாகப் பிரிந்து மிதந்தது. மிளகாய்ச் சட்னி நன்றாக இருந்ததால் அதையும் சாப்பிட்டோம்.