எந்த டல்ஹவுசி?

டல்ஹவுசி பிரபுவின் கடிதங்களைத் தேடி ஸ்காட்லாந்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "டல்ஹவுசி" என்று மட்டும் சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். எனக்கு இரண்டு நாள் போனது அதனால்தான்.

நான் தேடியது நம் பாடப்புத்தகத்து ஆளை, இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவரை. 1855-ல் உடம்பு முடியாமல் மாதக்கணக்கில் நீலகிரியில் தங்கியிருந்தார். அப்போது எழுதியதைப் பார்க்கத்தான் லண்டனில் ராத்திரி பஸ் ஏறினேன்.

காப்பகத்தில் வாசகர் அட்டைக்கு பாஸ்போர்ட் போதாதாம், முகவரிச் சான்றும் வேண்டுமாம். மொபைலில் காட்டினால் செல்லாது. பிரின்ட் எடுக்கக் கடை தேடியே காலை போயிற்று.

மதியம் பெட்டி வந்தது. திறந்தால் கனடா! அது இவருடைய அப்பா, டல்ஹவுசியின் ஒன்பதாவது ஏர்ல் (ஏர்ல் என்பது பரம்பரையாக வரும் பிரபுப் பட்டம்). நோவா ஸ்கோஷியாவை ஆண்டவர். பிறகு தலைமைத் தளபதியாக இந்தியாவுக்கும் வந்துபோனவர் என்பதால் குழப்பம் இரட்டிப்பு. கவுன்டரில் கேட்டேன். "நீங்கள் எழுதியதுதான் வந்திருக்கிறது. அடுத்த பெட்டி நாளைக்கு" என்று சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் உஷாராக 1855 என்று ஆண்டும் போட்டேன். வந்தது கிரிமியப் போர். எழுதியவர் அப்போதைய போர் அமைச்சர் பான்மியூர் பிரபு, நம்மாளின் சித்தப்பா மகன். 1860-ல் நம்மாள் இறந்ததும் ஏர்ல் பட்டம் இவருக்குத்தான் போனது. நம்மாளுக்கு இரண்டு பெண்கள், மகன் இல்லை; ஏர்லுக்கு மேலான மார்க்வெஸ் பட்டம் அவரோடு முடிந்தது. ராஜாவுக்கு வாரிசில்லை என்று சதாராவையும் ஜான்சியையும் பிடுங்கியவருக்கு! பெட்டியை மூடும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது உண்மை.

அன்று மாலை உட்கார்ந்து ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டேன்: 1837-ல் எம்.பி. ஆனபோது ராம்சே பிரபு, 1838-ல் அப்பா இறந்ததும் பத்தாவது ஏர்ல், 1849-லிருந்து மார்க்வெஸ். எந்த ஆண்டுக் கடிதம் வேண்டுமோ அந்த ஆண்டின் பட்டத்தைப் போட்டுத் தேடுங்கள். இயற்பெயர் ஜேம்ஸ் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்பா ஜார்ஜ்.

மூன்றாம் நாள் சரியான பெட்டி. தான் இறந்து 50 ஆண்டுகள் வரை தன் சொந்தத் தாள்களை வெளியிடக் கூடாது என்று உயில் எழுதியவராயிற்றே, எனக்கு மூன்று நாள் தண்டனை குறைவுதான். தலைப்பில் உதகமண்டலம், 1855. படம் எடுக்க அனுமதி இல்லை, பேனாவும் கூடாது. பென்சிலால் பார்த்துப் பார்த்து எழுதினேன். அறையைப் பூட்ட மணி அடித்தபோது இரண்டரைப் பக்கம் ஆகியிருந்தது.