வாங்கின மெஷின்ல வர்ற விளம்பரம்: சேலம் கேம் கடைல நின்னு பார்த்தது

டிவில மாட்டி விளையாடுற கேம் மெஷின், அதாவது கன்சோல், ஒண்ண வித்துட்டா வியாபாரம் முடிஞ்சுதுனு வெளிய இருக்கிறவங்க நினைப்பாங்க, எங்க தொழில்ல அங்கதான் வியாபாரமே ஆரம்பிக்குது. மெஷின்ல கடைக்கு நிக்கிறது ரொம்ப கொஞ்சம், கம்பெனிக்கும் பெருசா நிக்காது. 2021ல ஆப்பிளுக்கும் எபிக்னு ஒரு கேம் கம்பெனிக்கும் நடந்த கேஸ்ல மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருத்தங்க கோர்ட்லயே சொன்னாங்க, அவங்களோட எக்ஸ்பாக்ஸ் மெஷின வித்து இதுவரைக்கும் லாபம் பார்த்ததே இல்லனு. சோனியும் 2021 ஆகஸ்ட்லதான் பிஎஸ்5, அதாவது ப்ளேஸ்டேஷன் 5 மெஷினோட சிடி போடுற மாடல இனிமே நஷ்டத்துக்கு விக்கலனு சொல்லுச்சு, அதுக்குள்ள மெஷின் வெளிய வந்து ஒன்பது மாசம் ஆயிருச்சு. காசு வர்றது கேம்ல, ஆன்லைன் ஸ்டோர்ல விக்கிற ஒவ்வொண்ணுலயும் எடுத்துக்கிற பங்குல, சந்தாவுல. அதனால புதுசா மெஷின் வாங்க வர்றவன விட, ஏற்கனவே வாங்கி ஹால்ல டிவிக்கு கீழ வெச்சிருக்கானே, அவன்தான் அவங்களுக்கு முக்கியமான ஆளு. அடுத்து என்ன கேம் வருதுனு அவன் காதுல போட்டுக்கிட்டே இருக்கணும்.

நான் அஞ்சு ரோடு பக்கத்துல ஒரு கேம் கடைல வேலை பார்க்கிறேன். புதுசு விக்கிறது, செகண்ட்ஸ் எடுக்கிறது, வீட்டுக்கு போய் செட் பண்ணி அக்கவுண்ட் போட்டு குடுக்கிறது எல்லாமே என் வேலைதான். ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் உக்காந்து போடுற விளம்பரம் நம்ம ஊரு வீட்டுக்குள்ள எப்படி வந்து சேருது, எங்க சேராம நின்னு போகுதுனு கவுண்டர்ல நின்னு பார்த்துக்கிட்டே இருக்கேன், அத பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

முன்னாடி சிடி தான் எல்லாம். ஒரு கேம் சிடியோட இன்னொரு கேமோட டெமோ சிடி, அதாவது விளையாடி பார்க்க ஒரு சின்ன பகுதி மட்டும் இருக்கிற சிடி, சேர்ந்து வரும். 2001ல பிஎஸ்2க்கு ஸோன் ஆஃப் த எண்டர்ஸ்னு ஒரு ரோபோ கேம் வந்துச்சு, நல்ல கேம்தான், ஆனா நிறைய பேர் அத வாங்கினதே பொட்டிக்குள்ள மெட்டல் கியர் சாலிட் 2 டெமோ இருந்ததாலதான். 2007ல எக்ஸ்பாக்ஸ் 360ல கிராக்டவுன் வாங்கினா ஹேலோ 3 கேமோட பீட்டா, அதாவது வெளிய வர்றதுக்கு முந்தின சோதனை வெர்ஷன் விளையாட அனுமதி கிடைச்சுது, அதுலயும் இதே கதை, பீட்டாவுக்காக வாங்கிட்டு கிராக்டவுனையும் விளையாடி பார்த்து அட இது நல்லா இருக்கேனு சொன்னவங்க உண்டு. அப்பல்லாம் நம்மூர்ல ஓடினது பெரும்பாலும் காப்பி சிடி ஓட்டறதுக்கு சிப் போட்ட மெஷின், அதனால இந்த டெமோ சமாச்சாரமெல்லாம் ஒழுங்கா இங்க வந்ததில்ல. ஆனா அந்த முறைல ஒரு நேர்மை இருந்துச்சுனு நான் நினைக்கிறேன். வரப்போறத சொல்லல, கைல குடுத்துட்டாங்க.

அப்புறம் வீடியோ காலம். நிண்டெண்டோ 2011ல நிண்டெண்டோ டைரக்ட்னு ஆரம்பிச்சுது, பெரிய மேடை, பத்திரிகைக்காரங்க கூட்டம் எதுவும் இல்லாம நேரா ரசிகர்களுக்கே வீடியோ போட்டு சொல்றது. சோனி 2019 மார்ச்ல ஸ்டேட் ஆஃப் ப்ளேனு அதே மாதிரி ஆரம்பிச்சாங்க, அந்த வருஷம் இ3ங்கிற பெரிய கேம் கண்காட்சிக்கே போகல. 1995ல ஆரம்பிச்ச அந்த இ3ய 2023 டிசம்பர்ல மொத்தமா முடிச்சுட்டோம்னு அறிவிச்சுட்டாங்க. எங்களுக்கு இதுல தெரியிற வித்தியாசம் நேரம். நிண்டெண்டோ வீடியோ பெரும்பாலும் நம்ம நேரத்துக்கு ராத்திரி ஏழரை எட்டரைக்கு வரும், கடைல இருக்கும்போதே போன்ல ஓடும், பசங்க வெளிய தட்டுவடை செட்டு சாப்பிட்டுக்கிட்டே பார்ப்பாங்க. ஸ்டேட் ஆஃப் ப்ளே பல தடவை நடுராத்திரி தாண்டி ரெண்டரை மூணரைக்கு வரும், அன்னிக்கு காலைல கடை ஷட்டர் தூக்கும்போதே ரெண்டு பேர் கண்ணு செவந்து நிப்பாங்க, "அண்ணா பார்த்தீங்களா, எப்பண்ணா சிடி வரும்"னு. அந்த பசங்கள பார்க்கும்போது எனக்கு சந்தோஷமா இருக்கும், ஏன்னா அவங்களா தேடி போய் பார்த்தது அது, யாரும் அவங்க மேல திணிக்கல.

இதுல ஒண்ணு சொல்லியாகணும். நிண்டெண்டோ இந்த நாட்ல அதிகாரப்பூர்வமா விக்கிறதே இல்ல, வர்றதெல்லாம் வெளிய இருந்து வர்ற பீஸ். புனேல இருக்கிற ஒரு டீம் பண்ண ராஜி கேம் 2020 ஆகஸ்ட்ல முதல்ல நிண்டெண்டோவோட ஸ்விட்ச் மெஷின்லதான் வந்துச்சு, மத்த மெஷினுக்கெல்லாம் அக்டோபர்ல. நம்ம நாட்டு கதை, நம்ம நாட்டு பசங்க பண்ணது, முதல்ல வந்தது இங்க கடைல விக்காத ஒரு மெஷின்ல. பிஎஸ்5ம் அப்படித்தான், 2020 நவம்பர்லயே உலகம் பூரா விளம்பரம், இங்க வந்தது 2021 பிப்ரவரி 2, அதுவும் ப்ரீ ஆர்டர் தொறந்த கொஞ்ச நேரத்துலயே காலி. கைல இல்லாத மெஷினுக்கு வர்ற கேம் விளம்பரத்த மாசக்கணக்கா பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க நம்ம பசங்க.

இப்ப மெஷினே விளம்பர பலகை. ஆன் பண்ணா ஹோம் ஸ்க்ரீன்ல கட்டம் கட்டமா புது கேம், நீங்க ஃபாலோ பண்ற கேமோட செய்தி, விஷ்லிஸ்ட்ல போட்டு வெச்சது விலை குறைஞ்சா ஒரு மெயில், டிசம்பர்ல இந்த வருஷம் இத்தனை மணி நேரம் விளையாடினீங்கனு ஒரு கணக்கு. இது எல்லாத்துக்கும் அடிப்படை அக்கவுண்ட். அக்கவுண்ட்ல இருக்கிற ஆளு தனி ஆளு, தனக்குனு ஒரு மெயில் வெச்சு தினமும் பார்க்கிறவன், எப்பவும் நெட் இருக்கிறவன், இப்படி நினைச்சுத்தான் அங்க பண்ணிருக்காங்க.

நம்ம வீட்ல அப்படி இல்ல. ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு வீட்டுக்கு செட் பண்ண போனா, அக்கவுண்டுக்கு மெயில் ஐடி கேட்டா அப்பாவோட ஆபீஸ் மெயில குடுப்பாங்க, இல்ல காலேஜ் போன அக்காவோட பழைய ஐடி, பாஸ்வேர்ட் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அந்த ஒரு அக்கவுண்ட்ல அண்ணன் தம்பி, சித்தப்பா பையன், லீவுக்கு வர்ற மாமா பையன் எல்லாரும் விளையாடுவாங்க. பெரியவன் சுடுற கேம் விளையாடிட்டு போவான், அடுத்து எட்டு வயசு பாப்பா ஆன் பண்ணா அவளுக்கு முன்னாடி ரத்தம் சொட்டுற கேமோட போஸ்டர் நிக்கும், ஏன்னா மெஷினுக்கு தெரிஞ்சது பெரியவன் ஒருத்தன மட்டும்தான். விலை குறைஞ்ச மெயில் போய் அப்பாவோட ஆபீஸ் மெயில்ல எங்கயோ கெடக்கும். அதனால நான் செட் பண்ண போனா ஆளாளுக்கு தனி யூசர் போட்டு, பாப்பாவுக்கு வயசு சரியா குடுத்து சைல்ட் அக்கவுண்ட் போட்டுட்டுத்தான் எந்திரிப்பேன், கொஞ்சம் நேரம் ஆகும், வீட்டு அம்மாகிட்ட அது எதுக்குனு உக்காந்து சொல்லுவேன். இத எந்த கம்பெனியும் எனக்கு சொல்லி குடுக்கல.

அம்பதாயிரம் குடுத்து வாங்கின மெஷினோட முதல் ஸ்க்ரீன் யாருக்கு சொந்தம், இதுல எனக்கு கொஞ்சமும் சந்தேகம் இல்ல, அது வாங்கினவங்களுக்கு சொந்தம். 2023ல எக்ஸ்பாக்ஸ ஆன் பண்ணதும் புது கால் ஆஃப் டூட்டி விளம்பரம் ஸ்க்ரீன் முழுக்க வந்து நின்னதுனு உலகம் பூரா கோபப்பட்டாங்க. 2024 செப்டம்பர் கடைசி அக்டோபர் ஆரம்பத்துல பிஎஸ்5ல, ஏற்கனவே வாங்கி வெச்சிருக்கிற கேம் மேல போய் நின்னா அதோட அழகான படத்துக்கு பதிலா செய்தியும் விளம்பரமும் பெருசா வந்துச்சு, ஆஃப் பண்ண வழியும் இல்ல. நியூஸ் பகுதில வந்த டெக்னிக்கல் கோளாறு, சரி பண்ணிட்டோம்னு சோனி சொன்னாங்க, சரியும் ஆயிருச்சு. ஆனா அந்த சில நாள்ல ஜனங்க கோபம் எதுக்குனு நான் யோசிச்சேன். ஸ்டோருக்குள்ள போனா எவ்வளவு விளம்பரம் வேணா இருக்கட்டும், அது கடை, நாங்களும் எங்க கடை சுவர் பூரா போஸ்டர்தான் ஒட்டிருக்கோம். வீட்டுக்குள்ள வந்து அலமாரி கதவுல ஒட்டக்கூடாது இல்லையா.

ஏற்காட்டுக்கு செட் பண்ண போனா இந்த விஷயம் இன்னும் நல்லா புரியும். இருபது கொண்டை ஊசி ஏறி மேல போயி, அங்கிருந்து காபி தோட்டத்துக்குள்ள இறங்கின ஒரு வீடு. பைபர் நெட் இன்னும் வரல, போன் ஹாட்ஸ்பாட்தான், அதுவும் ஜன்னல் ஓரமா வெச்சாதான் சிக்னல். மெஷின ஆன் பண்ணா விளம்பரம் வரவேண்டிய கட்டமெல்லாம் வெறும் சாம்பல் கலர்ல நிக்குது, பின்னாடி ஏதோ ட்ரெய்லர் ஓட பார்த்து போன் டேட்டாவ இழுக்குது. அந்த வீட்டு அம்மா கேட்டாங்க, "தம்பி, நெட்டு போடாம இதுல விளையாட முடியாதா, இவங்க அப்பா போன்ல டேட்டா பூரா தீந்துருச்சுனு திட்டுறாரு". முடியும்ங்க அம்மானு சொல்லி, அப்டேட் எல்லாம் கடைலயே ஏத்தி குடுத்துட்டு நெட்ட கட் பண்ணிட்டேன். அப்ப அந்த பையன் மெதுவா கேட்டான், "அப்ப புது கேம் வர்றது எனக்கு எப்படிண்ணா தெரியும்?"

நல்ல கேள்வி அது. கம்பெனி போட்ட வழி எல்லாமே நெட் வழியா வருது, நெட்ட புடுங்கிட்டா அந்த பையனுக்கு எதுவுமே இல்ல. எங்க கடைல உள்ள நுழைஞ்ச உடனே ஒரு வெள்ளை போர்டு இருக்கும், வரப்போற சிடி பேரு, தேதி, எந்த மெஷினுக்கு, எந்த வயசுக்கு, விலை தெரிஞ்சா விலை, எல்லாம் தமிழ்ல மார்க்கர்ல எழுதி வெச்சிருப்பேன். வாரம் ஒரு தடவை அத போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போடுறேன். அந்த அம்மா நம்பர நானும், என் நம்பர அவங்களும் சேவ் பண்ணிக்கிட்டோம். இப்ப கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை லீவுக்கு கீழ இறங்கி வரும்போது பையன் ஸ்டேட்டஸ்ல பார்த்தத ஞாபகம் வெச்சு பேரு சொல்லி கேக்கிறான்.

விளம்பரத்துலயே உருப்படியானது எதுனு கேட்டா நான் சொல்றது ஒண்ணுதான், பழைய பாகத்த குடுக்கிறது. 2021 மார்ச்ல ராட்செட் அண்ட் கிளாங்க் கேம சோனி எல்லாருக்கும் இலவசமா குடுத்தாங்க, ஜூன்ல புது ராட்செட் வந்துச்சு. அந்த ஏப்ரல்ல ஹொரைசன் ஸீரோ டான் இலவசம், அடுத்த பாகம் 2022 பிப்ரவரில. 2022 ஜூன்ல பிஎஸ் ப்ளஸ் சந்தா கட்டினவங்களுக்கு காட் ஆஃப் வார் (ஹீரோ பேரு க்ராட்டோஸ்), நவம்பர் 9ல அதோட அடுத்த பாகம் ரக்னராக். கவுண்டர்ல இருந்து பார்த்தா இதோட பலன் கண்ணுக்கு தெரியும். பையன் வந்து வாங்கும்போது பேசுற பேச்சே வேற மாதிரி இருக்கும், "க்ராட்டோஸ் பையன் என்ன ஆவான்னு தெரியணும்ணா"னு சொல்லுவான், ட்ரெய்லர் பார்த்துட்டு வர்றவன் "கிராபிக்ஸ் செமயா இருக்குண்ணா"னு சொல்லுவான். ரெண்டாவது ஆளு மூணு நாள்ல எக்ஸ்சேஞ்சுக்கு கொண்டு வந்துருவான். முதல் ஆளு சிடிய திருப்பியே குடுக்க மாட்டான். நம்ம ஊரு மாம்பழக் கடைல ஒரு கீத்து அறுத்து குடுக்கிறாங்களே அந்த மாதிரி தான், நாக்குல பட்டதுக்கு அப்புறம் யாரும் பேச வேண்டியதில்ல. 2023ல ஃபைனல் ஃபேண்டஸி 16க்கு டெமோ விட்டாங்க, டெமோல விளையாடினது அப்படியே முழு கேம்ல தொடரும், வாங்கினா திரும்ப முதல்ல இருந்து ஆட வேண்டியதில்ல. விளையாடுறவனோட நேரத்த மதிச்சு பண்ணது.

டெமோவுக்கு இன்னொரு முகமும் இருக்கு. 2014 ஆகஸ்ட்ல பி.டி.னு ஒரு சின்ன பேய் கேம் பிஎஸ்4ல இலவசமா வந்துச்சு, யாரு பண்ணதுனு உண்மையான பேரு போடாம ஒரு போலி ஸ்டுடியோ பேரு போட்டிருந்தாங்க, முழுசா முடிச்சவங்களுக்குத்தான் அது புது சைலண்ட் ஹில்ஸ் கேமுக்கான அறிவிப்புனு தெரிஞ்சுது. அத விட நல்ல விளம்பரம் நான் பார்த்ததில்ல. அடுத்த வருஷம் அந்த கேமையே கைவிட்டாங்க, பி.டி.யையும் ஸ்டோர்ல இருந்து எடுத்துட்டாங்க. திரும்ப டவுன்லோட் பண்ண முடியாதுனு ஆனதும் அது ஏத்தின பிஎஸ்4 எல்லாம் வெளிநாட்ல பெரிய விலைக்கு போச்சு. அதனால செகண்ட்ஸ்ல பிஎஸ்4 வந்தா இன்னிக்கும் ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குனு ஒரு தடவை பார்த்துட்டுத்தான் அடிக்கிறேன்.

எனக்கு சுத்தமா புடிக்காதது ப்ரீ ஆர்டர் அவசரம். டீலக்ஸ் எடிஷன் வாங்கினா மூணு நாள் முன்னாடியே விளையாடலாம், இப்பவே புக் பண்ணா ஒரு ட்ரெஸ், ஒரு கத்தி, இப்படி மெஷின்ல வந்துக்கிட்டே இருக்கும். புது பெரிய பிஎஸ்5 கேம் பலதும் 4,999 ரூபா, டீலக்ஸ்னா அதுக்கும் மேல. கேம் எப்படி இருக்குனு ஒருத்தரும் சொல்றதுக்கு முன்னாடி அந்த காச கேக்கிறாங்க. 2020 டிசம்பர்ல சைபர்பங்க் 2077 வந்தப்ப பழைய மெஷின்ல ஓடவே முடியாத நிலைமை, சோனி ஸ்டோர்ல இருந்தே தூக்கி காச திருப்பி குடுத்தாங்க, 2021 ஜூன்லதான் திரும்ப வந்துச்சு. ஸ்டோர்ல வாங்கினவனுக்கு பட்டன அமுக்கினா காசு வந்துரும், கடைல சிடி வாங்கினவன் எங்க மூஞ்சியத்தான் பார்ப்பான். அவங்க அப்பா அம்மாவும் கூட வருவாங்க.

அதனால கடைல முதலாளிகிட்ட பேசி ஒரு முறை வெச்சிருக்கோம், அட்வான்ஸ் வாங்கினா சிடி வந்து சீல் உடைக்கிற வரைக்கும் எப்ப வேணா முழு காசும் திரும்ப. இப்ப எல்லாரும் கேக்கிறது ஜிடிஏ 6. 2023 டிசம்பர்ல முதல் ட்ரெய்லர், தேதி தள்ளி தள்ளி 2026 நவம்பர் 19னு அறிவிச்சிருக்காங்க. ஸ்கூல் யூனிபார்மோட ரெண்டு பசங்க போன வாரம் ஐநூறு ரூபா நோட்ட நீட்டி "பேரு எழுதிக்கோங்கண்ணா"னு நின்னாங்க. விலையும் சிடி வர்ற தேதியும் கடைக்கு எழுத்துல வரட்டும்டா தம்பி, வந்த அன்னிக்கே போர்டுல எழுதுறேன்னு சொல்லி, நோட்ட மடிச்சு அவன் பாக்கெட்லயே வெச்சு அனுப்பினேன்.