ஜெபிக்க வராத நாட்கள்

நானும் என் கணவரும் ஊழியத்துக்காக அஞ்செட்டிக்கு மேலே உள்ள ஒரு மலைக்கிராமத்துக்கு வந்தது 1999ஆம் ஆண்டில். அப்போது அந்தப் பகுதி தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். திருநெல்வேலித் தமிழைத் தவிர வேறு பேச்சு அறியாத நான், வீட்டுக்குள் கன்னடம் பேசும் அந்த ஊரில் முதலில் கற்றுக்கொண்டது "ஊட்டா ஆயித்தா?" என்ற விசாரிப்பை. சாப்பாடு ஆயிற்றா என்று பொருள்.

உதவிப்பணம் சில மாதங்களில் வராது. கேழ்வரகுக் கதிர் முற்றும் பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைகள் வந்துவிடுவதால், ஆண்கள் பரணில் காவல் இருக்க, எங்கள் இரவுப் பாடசாலை நின்றுபோகும். மதம் மாற்ற வந்தவர்கள் என்ற சந்தேகமும் இருந்தது. முன்பின் தெரியாத எங்களை அவர்கள் உடனே நம்பியிருக்க வேண்டும் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. இவற்றையெல்லாம் தாங்குவதற்கு நான் கொண்டுவந்த விசுவாசம் போதுமானதாக இருந்தது.

2002ஆம் ஆண்டு மழைக்காலத்தில், பாடசாலைக்கு வந்துகொண்டிருந்த ஓர் இளம்பெண்ணுக்கு வீட்டிலேயே பிரசவமாயிற்று. குழந்தை நன்றாக அழுதது. தாய்க்கோ உதிரம் நிற்கவில்லை. பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை சுருங்காமல் போனால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உயிர் போய்விடலாம் என்பதும், எங்கள் ஊரிலிருந்து ஜீப் நிற்கும் சாலைக்கு இறங்கவே அவ்வளவு நேரம் ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்ததே 2008இல்தான். மூங்கில் கழியில் கம்பளியைத் தூளியாகக் கட்டி நான்கு பேர் சுமக்க, நான் அவள் கையைப் பிடித்தபடி வழி முழுவதும் வாய்விட்டு ஜெபித்துக்கொண்டே இறங்கினேன். சாலை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அந்தக் கை சில்லிட்டுவிட்டது.

அதன் பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. கோபமா, வெட்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆண்டவரே என்று தொடங்கினால் அந்தப் பாதைதான் கண்முன் வந்தது. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று ஒருநாள் பெட்டியில் துணிகளை அடுக்கவும் செய்தேன். அன்று மாலை, இறந்தவளின் மாமியார் பச்சைக் குழந்தையைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். துக்கம் நடந்த வீட்டிலிருந்து வந்த அந்த அம்மா என்னைப் பார்த்து, "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்டார்.

குழந்தைக்குத் தேன்கனிக்கோட்டையிலிருந்து பால் பவுடர் வாங்கி வந்தோம். மருந்து புகட்டும் சிறு பித்தளைச் சங்கு ஒன்று என்னிடம் இருந்தது. ஒவ்வொரு வேளையும் அதைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, ஆறவைத்து, கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், அவசரப்பட்டால் புரையேறிவிடும். அது ஜெபமாகாது என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனால் அடுத்த வேளை வரும், அதற்கும் குழந்தை இருக்கும் என்று நம்பாத ஒருவர் நள்ளிரவில் எழுந்து அடுப்பு மூட்ட மாட்டார். தினமும் இரவில் என் கணவர் இருவருக்குமாக ஜெபித்தார். நான் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஏன் நீ ஜெபிப்பதில்லை என்று அவர் ஒருநாளும் கேட்காததை, அவர் எனக்குச் செய்த பேருதவியாகவே எண்ணுகிறேன். விசுவாசம் என் நெஞ்சில் இல்லாத அந்த நாட்களில் அது எங்கள் வீட்டில் இருந்தது, நான் அதன் நிழலில் இருந்தேன்.

மூன்றாம் மாதத்தில் ஓர் இரவு, அவர் ஆமென் சொன்ன பிறகு, இறந்த அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் நான் சத்தமாகச் சொன்னேன். எதையும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. சற்று நேரத்தில் வாசலில் மாமியாரின் குரல் கேட்டது. சங்கை எடுத்துக்கொண்டு, தண்ணீர் வைக்க எழுந்தேன்.