சர் பிட்டி தியாகராயரும் சென்னை மாநகராட்சியும்

சர் பிட்டி தியாகராய செட்டியாரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நீதிக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் என்றும், 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி வென்றபோது ஆளுநர் வில்லிங்டன் அளிக்க முன்வந்த முதன்மை அமைச்சர் பொறுப்பை ஏற்க மறுத்தவர் என்றும் சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். அந்த மறுப்பு பெருமைக்குரியதுதான். அப்பொறுப்பு பின்னர் கடலூர் சுப்பராயலு ரெட்டியாரிடம் சென்றது. ஆயினும் தியாகராயருடைய பொதுவாழ்வின் உண்மையான களம் சென்னை மாநகராட்சி மன்றமே என்பது என் உறுதியான கருத்து.

கொருக்குப்பேட்டையில் நெசவுத் தொழில் செய்த தேவாங்கர் குடும்பத்தில் 1852இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், 1882இல் மாநகராட்சி உறுப்பினராகி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அம்மன்றத்தில் பணியாற்றினார். அரசு அதிகாரியாக இல்லாத ஒருவர் மாநகராட்சித் தலைவரானது அவரிலிருந்துதான் தொடங்கியது. பிற்காலத்தில் கட்சித் தோழரான டி. எம். நாயருடன் அவர் முதலில் கடுமையாக மோதியதும் இதே மன்றத்தில்தான்; திருவல்லிக்கேணி கோயில் குளம் பற்றிய விவகாரத்தில் பகைத்துக்கொண்ட அவ்விருவரையும் ஒன்றுசேர்க்க, நீதிக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் மற்றொருவரான டாக்டர் நடேச முதலியார் பெரிதும் பாடுபட வேண்டியிருந்தது.

அவர் தலைவராயிருந்த காலத்தில், 1920 செப்டம்பர் 16 அன்று, ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் மதிய உணவு வழங்க மன்றம் தீர்மானித்தது. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதை உணர்ந்து, சோற்றுச் செலவைக் கல்விச் செலவாகவே கருதிய அத்தீர்மானத்தை, கட்சி மேடைகளில் நிகழ்ந்த எந்தச் சொற்பொழிவைக் காட்டிலும் உயர்வாக மதிக்கிறேன். திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922–23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924–25இல் 1,671 ஆக உயர்ந்தது.

ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக் கூடாதென்று அரசு தடுத்ததால், 1925 ஏப்ரல் 1 முதல் உணவு நின்றுபோனது. அதே மாதம் 28ஆம் நாள் தியாகராயர் காலமானார். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்று, தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓரணாச் சோறு போடுவதற்கும் மேலிடத்தின் இசைவை நம்பியிருக்க வேண்டியிருந்ததை நினைக்கையில், அந்நாளைய நகர ஆட்சிக்கு அளிக்கப்பட்ட உரிமை எவ்வளவு குறுகியது என்ற வருத்தமே மிகுகிறது.